குறுக்கே போவதா, சுற்றிப் போவதா? ஒரு பெருங்கடலிலிருந்து இன்னொன்றுக்குப் பாதை போடும் முறை

பசிபிக்கில் சூரியன் உதிப்பதை நான் முதலில் பார்த்தது பனாமாவில். அட்லாண்டிக் பக்கம் கால்வாய்க்குள் நுழைந்து, மறுபக்கம் இறங்கி, பனாமா வளைகுடாவில் நங்கூரம் போட்டிருந்தோம். மேற்குக் கடலுக்கு வந்தாயிற்று, இனி சூரியன் கரைப் பக்கம்தான் எழும் என்ற நினைப்பில் விடிகாலை பிரிட்ஜுக்கு, கப்பலை ஓட்டும் மேல்தளத்துக்கு, ஏறினேன். அது கடலுக்குள்ளிருந்து எழுந்து வந்தது. ஒரு நிமிடம் கைரோ திசைகாட்டி மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சார்ட்டை, அதாவது கடல் வரைபடத்தை, விரித்த பிறகுதான் உறைத்தது. பனாமா பூசந்தி படுத்த 'எஸ்' மாதிரி கிழமேற்காக நெளிந்து கிடக்கிறது. கால்வாய் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகிறவன், புறப்பட்ட இடத்துக்குக் கிழக்கே போய் முடிகிறான்.

சரக்குக் கப்பல்களில் பாதை போடுவது செகண்ட் மேட்டின் வேலை. கேப்டன், அவருக்கு அடுத்து சீஃப் மேட், அதற்கு அடுத்த அதிகாரி செகண்ட் மேட். அந்த வேலையைப் பல வருஷம் பார்த்தவன் நான். கரைக்கு வந்த பிறகும் ஆட்கள் கேட்கும் கேள்வி மாறவில்லை: "கால்வாய்தான் இருக்கிறதே, அப்புறம் எதற்குக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றுகிறது?" கப்பல் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களும் கேட்கிறார்கள், வீட்டில் ஒரு உலக உருண்டையும் செய்தித்தாளும் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களும் கேட்கிறார்கள். பதிலை மனப்பாடம் பண்ணுவதைவிட, நீங்களே ஒரு பாதையைப் போட்டுப் பாருங்கள். ஒரு சாயங்காலம் போதும்.

உருண்டையும் நூலும்

சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தைக் கழற்றி வையுங்கள். அது வடக்கையும் தெற்கையும் இழுத்து நீட்டி ஏமாற்றும். ஓர் உருண்டையும் கொஞ்சம் தையல் நூலும் எடுங்கள். நடுக்கோட்டில் 15 பாகைக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஒரு பாகை 60 கடல் மைல், ஆக ஒரு கட்டம் 900 கடல் மைல். நூலை அதன்மேல் வைத்து 900, 1,800, 2,700 என்று மையால் புள்ளி குத்திக்கொண்டால் அளவுகோல் தயார்.

முதல் பயிற்சி: பனாமாவிலிருந்து யோகோஹாமா. தட்டை வரைபடத்தில் பசிபிக்கின் நடுவே, ஹவாய்ப் பக்கமாகத்தான் எல்லோரும் கோடு இழுப்பார்கள். உருண்டையில் நூலை இறுக்கிப் பிடித்தால் அது நேரே வட அமெரிக்க நிலத்தின்மேல் ஏறிவிடும்! நிலத்திலிருந்து விரலால் கடலுக்குத் தள்ளுங்கள். மெக்சிகோ, கலிஃபோர்னியா கரையை ஒட்டி வடக்கே ஏறி, அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே வளைந்து, ஜப்பானில் இறங்கும். கப்பல்களும் ஏறத்தாழ அப்படித்தான் போகின்றன. பனாமாவைத் தாண்டியவனுக்கு அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகங்கள் 'வழியிலேயே' கிடைப்பது இதனால்தான்.

அடுத்தது நியூயார்க். அங்கிருந்து கிழக்கு ஆசியாவுக்கு இரண்டு வாசல்கள். ஷாங்காய்க்குப் பனாமா வழி சுமார் 10,600 கடல் மைல், சூயஸ் வழி சுமார் 12,400. சிங்கப்பூருக்குக் கணக்கு அப்படியே தலைகீழ்: சூயஸ் வழி பத்தாயிரத்துச் சொச்சம், பனாமா வழி பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். அப்படியானால் இடையில் எங்கோ இரண்டும் சமமாகும் இடம் ஒன்று இருக்க வேண்டுமே? நூலை நகர்த்திக்கொண்டே வாருங்கள், ஹாங்காங் அருகே இரண்டும் நெருங்கிவிடும். மலைமேல் பெய்த மழை எந்தப் பக்கம் வழிவது என்று பிரியும் முகடு போல, உலகத்துச் சரக்குக்கும் அங்கே ஒரு முகடு. ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் இரண்டு ஒடுங்கிய நிலத்துண்டுகள்தான் அதைப் போட்டு வைத்திருக்கின்றன. முகட்டுக்கு அருகிலிருக்கும் துறைமுகங்களுக்குக் கட்டணம் கொஞ்சம் ஏறினாலோ, வரிசை கொஞ்சம் நீண்டாலோ கப்பல் மறுபக்கம் சாய்ந்துவிடும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

மைலை நாளாக மாற்றுங்கள்

மைலைச் சொன்னால் கேப்டன் தலையாட்டுவார், நாளைச் சொன்னால்தான் நிமிர்ந்து பார்ப்பார். 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில், ஓடும் கப்பல் ஒரு நாளில் 360 கடல் மைல் போகும். ராட்டர்டாம் – சிங்கப்பூர், சூயஸ் வழி ஏறக்குறைய 8,300 கடல் மைல், அதாவது 23 நாள். நன்னம்பிக்கை முனை வழி ஏறக்குறைய 11,800, அதாவது 33 நாள். ஒடுங்கிய நிலத்தில் 193 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டியதில் மிச்சம் பத்து நாள். இந்தப் பத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொன்றும் இதிலிருந்து கழியும்.

இதே கணக்கை வைத்து, ஒரு நிலத்துண்டை வெட்டுவது பலன் தருமா என்றும் பார்க்கலாம். தாய்லாந்தின் க்ரா பூசந்தி மிக ஒடுங்கிய இடத்தில் 44 கிலோமீட்டர்தான். அங்கே கால்வாய் வெட்டும் பேச்சு சில நூற்றாண்டுகளாக நடக்கிறது. வெட்டினால் மலாக்கா நீரிணை வழியான சுற்று சுமார் 1,200 கிலோமீட்டர் குறையும், 15 நாட் கப்பலுக்கு அது இரண்டு நாளுக்கும் குறைவு. கால்வாய்க்குள் மெதுவாகப் போகும் நேரத்தையும் வாசலில் காத்திருக்கும் நேரத்தையும் கழித்தால் மீதி என்ன நிற்கும்? பேச்சாகவே இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கப்பல் நுழையுமா?

மூன்று அளவு வேண்டும்: அகலம், டிராஃப்ட், தண்ணீருக்கு மேல் நிற்கும் உயரம். டிராஃப்ட் என்றால் கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பது. உயரத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பனாமாவில் பசிபிக் வாசலில் அமெரிக்காக்களின் பாலமும், சூயஸில் சமாதானப் பாலமும் தலைக்கு மேல் நிற்கின்றன. சூயஸில் அனுமதி 68 மீட்டர் வரை, பனாமாவில் அதைவிடப் பத்து மீட்டர் குறைவு.

சூயஸில் லாக் எதுவும் கிடையாது. லாக் என்றால் கதவுகளுக்கு இடையில் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் அறை. நிலம் சமதளம், இரண்டு பக்கக் கடலும் நேராகச் சேர்ந்துவிட்டன. அதனால் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் ஆழம்தான். டிராஃப்ட் 20.1 மீட்டர் வரை அனுமதி, அதுவும் அகலமான கப்பலுக்குக் குறைந்துகொண்டே வரும். முழுச் சரக்கோடு வரும் மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல் நுழைய முடியாது.

பனாமா வேறு மாதிரி. இரண்டு பெருங்கடலின் மட்டமும் வேறு வேறு, அதனால்தான் லாக் வைத்திருக்கிறார்கள் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சராசரி மட்ட வித்தியாசம் சுமார் இருபது சென்டிமீட்டர்தான். நடுவில் மலை இருக்கிறது, அதுதான் காரணம். மலையை அடிவரை வெட்ட 1881இல் ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ் முயன்றார். சூயஸை வெட்டி முடித்த பெருமையோடு வந்தவர், இங்கும் லாக் இல்லாமல் வெட்டிவிடலாம் என்று நம்பினார். மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் மண்சரிவும் சேர்ந்து இருபதாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோயின. 1889இல் நிறுவனம் திவாலானது. பிறகு வந்த அமெரிக்கர்கள் சாக்ரெஸ் ஆற்றை அணைபோட்டுத் தடுத்து, கடல்மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில் காட்டூன் ஏரியை உண்டாக்கி, கப்பலை ஏரிக்குப் படிப்படியாக ஏற்றி இறக்கும் முறைக்குப் போனார்கள். 1914 ஆகஸ்ட் 15 அன்று திறந்தது.

(சூயஸிலும் மட்டத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. நெப்போலியனோடு எகிப்துக்குப் போன அளவையாளர்கள், செங்கடல் மத்தியதரைக் கடலைவிட ஏறக்குறைய 10 மீட்டர் உயரம் என்று தப்பாக அளந்துவிட்டார்கள். வெட்டினால் வெள்ளம் பாயும் என்ற பயம் பல வருஷம் அந்தத் திட்டத்தைத் தள்ளிப்போட்டது.)

பனாமாவின் பழைய லாக் அறை 33.53 மீட்டர் அகலம். அதில் போகும் பனாமாக்ஸ் கப்பலுக்கு 32.31 வரை அனுமதி. பக்கத்துக்கு அறுபது சென்டிமீட்டர், அவ்வளவுதான் இடைவெளி. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க ஐயோவா வகைப் போர்க்கப்பல்களின் அகலம் 33 மீட்டருக்குள் நின்றதும் இந்தச் சுவர்களுக்காகத்தான். 2016 ஜூன் 26 அன்று திறந்த புதிய லாக்குகள் 55 மீட்டர் அகலம், அவற்றில் 51.25 மீட்டர் அகலக் கப்பல் வரை போகிறது. கப்பல் வகைகளின் பெயரே வாசலைச் சொல்லிவிடும்: பனாமாக்ஸ், சூயஸ்மாக்ஸ், மலாக்காமாக்ஸ். எந்த வாசலிலும் நுழையாமல் முனைகளைச் சுற்றியவை கேப்சைஸ்.

இப்போது என் சொந்தத் தப்பு. பனாமாக்ஸ் கப்பலில் செகண்ட் மேட் ஆன புதிது. சரக்கு ஏற்றும் திட்டத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள். பழைய லாக்கின் டிராஃப்ட் எல்லை 12.04 மீட்டர். கால்வாய்க்குப் போய்ச் சேரும்போது 11.80இல் நிற்போம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். வழியில் எரியும் எண்ணெயால் கப்பல் எவ்வளவு எழும்பும் என்பதைக்கூடச் சேர்த்திருந்தேன். சீஃப் மேட் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இது எந்தத் தண்ணிக்குப் போட்ட கணக்கு?" என்றார்.

கடல் தண்ணிக்குப் போட்ட கணக்கு. காட்டூன் ஏரி நல்ல தண்ணீர், அதிலும் வெதுவெதுப்பான தண்ணீர். அடர்த்தி 0.9954, கடலில் 1.025. உப்பு குறைந்தால் கப்பல் இன்னும் அமிழும். எங்கள் கப்பலுக்கு அந்த வித்தியாசம் சுமார் 35 சென்டிமீட்டர் வந்தது. 11.80 என்றது 12.15 ஆயிற்று. கூடுதலாக நின்ற 11 சென்டிமீட்டர் என்பது எழுநூறு டன் சரக்கு! அப்படியே போயிருந்தால் வாசலில் நிறுத்தியிருப்பார்கள், நடுக்கடலில் எழுநூறு டன்னை எங்கே இறக்குவது? நல்லவேளை, இன்னும் ஏற்றி முடிக்கவில்லை. அன்று முதல் டிராஃப்ட் எழுதும்போதெல்லாம் பக்கத்திலேயே எந்தத் தண்ணீர் என்று எழுதுவேன். நீங்களும் எழுதுங்கள்.

வரிசையும் மழையும்

சூயஸில் கப்பல்கள் கான்வாயாக, ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி, போகும். வடக்கே போர்ட் சயித்திலிருந்து ஒன்று, தெற்கே சூயஸிலிருந்து ஒன்று, இரண்டும் அதிகாலையில் கிளம்பும். 2015 ஆகஸ்டில் 35 கிலோமீட்டருக்கு இணையாக இன்னொரு வாய்க்காலைத் திறந்த பிறகு எதிரெதிர் வரிசைகள் ஒன்றுக்கொன்று காத்திருப்பது குறைந்தது. ஆனாலும் சேர வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தினால் அடுத்த நாள்தான். ஆகவே பாதையைப் பின்னாலிருந்து போடுங்கள். கான்வாய் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த வேகத்தில் ஓடினால் சரியாகப் போய்ச் சேரலாம் என்று பாருங்கள். முழு வேகத்தில் ஓடிப்போய் நங்கூரம் போட்டுக் கிடப்பது வீண். எரிபொருள் செலவு ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், 15 நாட்டை 13 ஆக்கினால் ஒரு நாள் செலவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

பனாமாவில் வரிசையைத் தீர்மானிப்பது மழை. ஒரு கப்பல் ஏறி இறங்க ஏரியிலிருந்து சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. புதிய லாக்குகளில் பக்கத்துத் தொட்டிகளில் பிடித்து 60 சதவீதத்தைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், பழையதில் அந்த வசதி இல்லை. இதே ஏரிதான் பனாமா நகரத்துக்குக் குடிதண்ணீரும் கொடுக்கிறது. 2023இல் எல் நினோவோடு மழை பொய்த்தது. வழக்கமாக நாளுக்கு 36 கப்பல் போகும் இடத்தில் 2024 தொடக்கத்தில் 24 ஆகக் குறைத்தார்கள். புதிய லாக்கின் டிராஃப்டை 15.24 மீட்டரிலிருந்து 13.41க்கு இறக்கினார்கள். முன்பதிவு இல்லாதவர்கள் ஏலத்தில் இடம் பிடித்தார்கள். 2023 நவம்பரில் ஒரு இடம் ஏறக்குறைய 40 லட்சம் டாலருக்குப் போனது, வழக்கமான கட்டணம் அது போக. 1928இல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்கர் இந்தக் கால்வாயை நீந்திக் கடந்தார். அவர் உடம்பின் எடைக்குக் கட்டணம் கணக்கிட்டு 36 சென்ட் வாங்கினார்கள்.

ஆக, பனாமா வழி பாதை போடுகிறவர் காட்டூன் ஏரியின் நீர்மட்டத்தைப் பார்க்காமல் பென்சிலை எடுக்கக் கூடாது. அங்கே ஏறத்தாழ டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம். மழைக்காலம் முடியும்போது ஏரி எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதை வைத்தே அடுத்த சில மாதத்து டிராஃப்ட் எல்லையை ஊகிக்கலாம்.

காசுக் கணக்கு

இது சுருக்கமாகவே. நாள் ஒன்றுக்கு 40 டன் எண்ணெய் எரிக்கும் கப்பல், டன் 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம், 24,000 டாலர். கப்பலின் வாடகை நாளுக்கு 15,000. மொத்தம் 39,000. பத்து நாள் மிச்சம் என்றால் 3,90,000 டாலர். கால்வாய்க் கட்டணம், டக் என்கிற இழுவைப் படகு, ஏஜென்ட் செலவு, ஆபத்தான பகுதி என்றால் போர்க்கால இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து அதற்குக் கீழே வந்தால் குறுக்கே போங்கள். எண்ணெய் விலை விழுந்தால் முடிவும் திரும்பும். 2015, 2016இல் விலை சரிந்தபோது ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்தும் ஆசியாவுக்குத் திரும்பிய சில கன்டெய்னர் கப்பல்கள், சூயஸ் திறந்திருந்தும் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. திரும்பும் பெட்டிகளில் பெரும்பாலும் அவசரச் சரக்கு இருக்காது.

உள்ளே போன பிறகு

பாதை போடுகிறவர் வாசலோடு நிறுத்திவிடுவார், உள்ளே பைலட், அதாவது கப்பலில் ஏறி வழிகாட்டும் உள்ளூர் ஆள், பார்த்துக்கொள்வார் என்று நினைப்பீர்கள். பனாமாவில் அது கிட்டத்தட்ட உண்மை. உலகத்தில் மற்ற இடங்களில் பைலட் ஆலோசகர், பொறுப்பு கேப்டனுடையது. பனாமா கால்வாயில் கப்பலை நடத்தும் அதிகாரமே பைலட்டுக்குப் போய்விடும். பழைய லாக்கை நெருங்கும்போது ஒரு சின்னத் துடுப்புப் படகு எதிரே வரும். இரண்டு பேர் இருப்பார்கள். அறுபதாயிரம் டன் கப்பலின் மூக்குக்குக் கீழே வந்து, மேலிருந்து நாம் விடும் மெல்லிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்தக் கயிற்றோடு சேர்ந்து கம்பிவடம் மேலே வரும். மறுமுனை லாக் சுவரின்மேல் ஓடும் ரயில் எஞ்சினில் இருக்கும், அதற்கு 'மியூல்' என்று பெயர், கோவேறு கழுதை. பைலட் வயர்லெஸில் கட்டளை சொல்ல, எஞ்சின் மணியடித்துப் பதில் சொல்லும். பிரிட்ஜின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தண்ணீரே தெரியாது, சுவர்தான். முதல் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

சூயஸில் கயிறு கட்டி இழுக்க யாரும் இல்லை. இரண்டு பக்கமும் மணல். அங்கே பயப்பட வேண்டியது கரையின் இழுப்புக்கு. ஒடுங்கிய வாய்க்காலில் கப்பல் போகும்போது பக்கவாட்டில் தண்ணீர் நெருக்கிப் பின்னால் ஓடும். ஒரு கரைக்கு அருகில் போய்விட்டால் அந்தப் பக்கம் ஓட்டம் வேகமாகி அழுத்தம் குறையும். பின்பக்கம் கரையை நோக்கி இழுக்கும், மூக்கு எதிர்க்கரையை நோக்கித் திரும்பும். வேகம் கூடக் கூட இது மோசமாகும், கப்பலின் அடியும் தரையை நோக்கி இறங்கும். சுக்கான் பிடிப்பவர் நிலை தவறுகிறோம் என்று பயந்து வேகத்தைக் கூட்டச் சொன்னால் இன்னும் கெடும். 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீள எவர் கிவன் மணற்காற்றில் குறுக்காகச் செருகிக்கொண்ட இடம், இணை வாய்க்கால் இல்லாத தென்பகுதி. ஆறு நாள் அசையவில்லை. நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இரண்டு பக்கமும் தேங்கி நின்றன.

சுற்றிப் போவதென்றால்

சுற்றுவழிக்கும் தன் கணக்கு உண்டு. ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையை ஒட்டி அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காகப் பாய்கிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து அட்லாண்டிக்குக்குப் போகிறவருக்கு அது இனாமாக மூன்று நான்கு நாட் வேகம் கொடுக்கும். ஆசைப்பட்டு அதன் நடுவிலேயே ஓடலாம், ஆனால் தென்மேற்கிலிருந்து புயற்காற்று வரும் என்று அறிவிப்பு வந்தால் உடனே 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உட்புறம், கரைப்பக்கமாக ஒதுங்குங்கள். எதிரே வரும் அலையும் ஓட்டமும் மோதும்போது, கண்டத்திட்டின் விளிம்பில் அலை செங்குத்தாக எழுந்து, அதன் முன்னால் பள்ளம் விழும். கப்பலின் முன்பக்கம் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் அடுத்த அலை மேல்தளத்தின் மீதே விழும். எதிர்த்திசையில் வருகிறவர் ஓட்டத்தைத் தவிர்த்துப் போக வேண்டும்.

தென் அமெரிக்காவின் அடியில் மகெல்லன் நீரிணையும் ஹார்ன் முனையும். கால்வாய் வருமுன் நியூயார்க் – சான் ஃபிரான்சிஸ்கோ 22,500 கிலோமீட்டர். பனாமா அதை 9,500 ஆக்கியது. இன்று அங்கே போகிறவை, பனாமாவில் நுழையாத பெரிய கப்பல்களும், வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவையும். மேற்குக் காற்று இடைவிடாமல் வீசும் கடல் அது, அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகிறவருக்கு அது எதிர்க்காற்று. அதற்கென்று இரண்டு நாளைத் தனியாக ஒதுக்குவேன்.

கப்பல் நிற்க, சரக்கு மட்டும் கடப்பது

இது மிகப் பழைய வழி. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் சொல்கிறது, காலம் 9ஆம் நூற்றாண்டு. அங்கே சரக்கை இறக்கி, நிலத்தின் குறுக்கே கொண்டுபோய், கிழக்குக் கரையில் வேறு கப்பலில் ஏற்றியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிரேக்கத்தில் கொரிந்தில் கல் பாவிய தடம் போட்டு மரக்கலங்களையே இழுத்துக் கடந்தார்கள். அதே இடத்தில் 1893இல் திறந்த கால்வாய் 6.4 கிலோமீட்டர்தான், இன்றைய சரக்குக் கப்பல்களுக்கு மிக ஒடுக்கம்.

இன்றும் இந்த வழி உயிரோடிருக்கிறது. முழுச் சரக்கோடு சூயஸில் நுழைய முடியாத எண்ணெய்க் கப்பல், செங்கடல் பக்கம் ஐன் சுக்னாவில் ஒரு பகுதியை இறக்கும். அது 320 கிலோமீட்டர் குழாய் வழியாக மத்தியதரைக் கடல் பக்கம் சீதி கெரிருக்குப் போகும். பாரம் குறைந்த கப்பல் கால்வாய் வழி வந்து மறுபடி ஏற்றிக்கொள்ளும். மெக்சிகோவின் தெஹுவாந்தெபெக் பூசந்தியில் 1907இல் திறந்த ரயில் பாதை சில வருஷம் கொழித்தது, 1914இல் பனாமா திறந்ததும் படுத்துவிட்டது. 2023 இறுதியில் அதற்கு மறுபடி உயிர் கொடுத்திருக்கிறார்கள். பனாமாவிலேயேகூட கால்வாய்க்கு முன்னால் 1855இல் ரயில் வந்துவிட்டது. உங்கள் சரக்கு கன்டெய்னராக இருந்தால் இந்த வழியைக் கணக்கில் சேருங்கள், நிலக்கரியோ தானியமோ என்றால் விட்டுவிடுங்கள். இரண்டு தரம் இறக்கி ஏற்றுவதிலேயே லாபம் போய்விடும்.

முடிவெடுக்கும் புள்ளி

வாசல் ஒரே நாளில் மூடும். 1967 ஜூனில் போர் வந்தபோது சூயஸுக்குள் இருந்த 14 கப்பல்கள் பெரிய கசப்பு ஏரியில் மாட்டிக்கொண்டன, கால்வாய் 1975இல்தான் மறுபடி திறந்தது. மேல்தளத்தில் மணல் படிந்து மஞ்சளாகிப் போனதால் 'மஞ்சள் கடற்படை' என்று பெயர் வந்தது. மாறி மாறி வந்த மாலுமிகள் பொழுது போகாமல் தங்களுக்கென்று தபால்தலை வரைந்து ஒட்டினார்கள். 2023 நவம்பரிலிருந்து செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மந்தெப் பக்கம் தாக்குதல்கள் தொடங்கியபோது கால்வாய் திறந்தே இருந்தது, ஆனால் அதற்குப் போகும் வழி பாதுகாப்பாக இல்லை. பெரிய கன்டெய்னர் நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனைக்குத் திரும்பின. அந்த நீரிணையின் அரபுப் பெயருக்குக் 'கண்ணீர் வாசல்' என்று பொருள்.

அதனால் எந்தப் பாதையிலும் இரண்டாவது கோடு ஒன்று போடுங்கள். இரண்டும் பிரியும் இடம்தான் முடிவெடுக்கும் புள்ளி. ராட்டர்டாமிலிருந்து சிங்கப்பூர் போகிறவருக்கு அது போர்ச்சுகலின் தென்மேற்கு மூலை. அங்கே இடப்பக்கம் திரும்பி ஜிப்ரால்டருக்குள் போனால், போர்ட் சயித் இன்னும் 1,900 கடல் மைல். அங்கே போய்க் கதவு மூடியிருக்கக் கண்டால் அதே 1,900 மைலைத் திரும்பி ஓட வேண்டும், போக வர பத்து நாளுக்கும் மேல். தாளில் பெரிதாக எழுதிய அந்தப் பத்து நாள் ஞாபகமிருக்கிறதா, அது அப்படியே போய்விடும். எவர் கிவன் சிக்கிய வாரத்தில் அந்தப் புள்ளிக்கு அருகில் இருந்தவர்கள் பாடு அதுதான். மூன்றாம் நாளே தெற்கே திரும்பியவர்கள் பத்து நாள் இழந்தார்கள், பொறுத்தவர்களுக்கு ஆறாம் நாள் வழி விட்டது. ஆனால் யாருக்குத் தெரியும் அது ஆறு நாளா அறுபதா என்று? நானாக இருந்தால், காத்திருக்கும் நாளுக்கு முன்கூட்டியே ஓர் எல்லை வைப்பேன், பத்தில் பாதி என்று. அதைத் தாண்டினால் திரும்பிவிட வேண்டியதுதான்.

சார்ட்டில் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அங்கே போய்ச் சேரும் தேதி, மணி, கடைசியாக யாரிடம் என்ன செய்தி கேட்க வேண்டும் என்பது, எல்லாவற்றையும் பக்கத்திலேயே குறியுங்கள். பென்சிலில். என் பழைய சார்ட்டுகளில் அந்த இடத்தில் மட்டும் அழித்து அழித்துத் தாள் மெலிந்துபோயிருக்கும்.